சின்னாறு சாலையில் நான் கொடுத்த வாக்கு

போன வருடம் மே மாதம், ஒரு திங்கட்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். சின்னாறு காட்டுச் சாலையில் என் காரின் பின்சக்கரம் ஓரப் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. முன்னால் ஐந்து யானைகள். பின்சீட்டில் என் மனைவியின் மடியில் என் மகள். ஆறு வயது. அவளுடைய உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அந்த நேரத்தில் நான் வண்டியூர் மாரியம்மனைக் கூப்பிட்டேன். அவள் கேட்டாள். என் பிள்ளை இன்று இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். நீங்களும் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். ஆனால் அப்படி உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. மாரியம்மன் பக்தர்கள் கூடுகிற இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான்கு வருடமாக ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவன் நான். இன்றைக்கு முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் பாண்டியராஜன். விளாங்குடியில் இருக்கிறோம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக வேலை பார்க்கிறேன். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் மாணவர்களைத் திருப்பி அனுப்புகிற ஆள். தப்பே செய்யாதவர் என்று எனக்கு அங்கே பெயர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் என் வியாதி என்று இப்போது தெரிகிறது.

என் மனைவி தனலட்சுமி. தனம் என்று கூப்பிடுவேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் யாழினி. சின்னவன் கவின், அப்போது மூன்று வயது. யாழினிக்குக் கைக்குழந்தையிலிருந்தே இளைப்பு உண்டு. குளிர், தூசி, புகை எது பட்டாலும் நெஞ்சு விசில் அடிக்கும். அதற்காக வீட்டில் ஒரு நெபுலைசர் வாங்கி வைத்திருந்தோம். மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கிற மிஷின். அதையும், பம்ப் மருந்தைக் குழந்தை இழுப்பதற்கு மாட்டுகிற பிளாஸ்டிக் குழலையும், மருந்துக் குப்பிகளையும் தனம் ஒரு நீலப் பையில் போட்டு வைத்திருப்பாள். எங்கே போனாலும் அந்தப் பை கூட வரும். கல்யாண வீட்டுக்குக்கூட வரும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு புதுக் காரை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மலைப்பயணம் போவதாகத் திட்டம் போட்டேன். சனிக்கிழமை போடிமெட்டு ஏறி மூணாறு. ஞாயிற்றுக்கிழமை இரவிகுளம் தேசியப் பூங்கா. திங்கட்கிழமை மறையூர், சின்னாறு காடு வழியாக உடுமலையில் இறங்கி, பழனி, திண்டுக்கல் என்று வீடு திரும்புவது. பிள்ளைகளுக்கு வரையாடும் யானையும் காட்ட வேண்டும். நல்ல படங்கள் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் நாலு பேர் பார்க்க வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் டிக்கியில் சாமான் ஏற்றியது நான்தான். மடக்கு நாற்காலி நான்கு வாங்கியிருந்தேன். மலை விளிம்பில் போட்டு உட்கார்ந்து படம் எடுக்கலாம் என்று ஆசை. நாற்காலிகளை வைத்ததும் டிக்கி மூடவில்லை. துணிப் பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் மூடவில்லை. நீலப் பை குறுக்கே நின்றது. யாழினிக்கு இளைப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பம்ப் தனத்தின் கைப்பையில் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், முன்னறையில் செருப்பு அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். தனம் அடுக்களையில் கேஸை மூடிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலியைத்தான் இறக்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

உசிலம்பட்டி தாண்டும்போதுகூட அவள் கேட்டாள்.

“ஏங்க, நீலப் பைக்கு மேல பாரம் எதுவும் வச்சிராதீங்க. மிஷின் நசுங்கிரும்.”

“அதெல்லாம் பாத்துத்தான் வச்சிருக்கேன்” என்றேன்.

முதல் பொய் அது. அது பொய் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவிகுளத்தில் பிள்ளைகள் அப்படிச் சந்தோஷப்பட்டார்கள். வனத்துறை வண்டியில் மேலே ஏறி, மூடுபனிக்குள் நடந்தோம். ஒரு வரையாடு சாலையோரம் பத்தடி தூரத்தில் நின்று புல் மேய்ந்தது. கவின் அதைப் பார்த்து “மாமா வீட்டு ஆடு” என்று கத்தினான். யாழினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த விடுதி முற்றத்தில் நெருப்பு மூட்டச் சொன்னேன். தனம் வேண்டாம் என்றாள். “பனி வேற எறங்குது, புகை சேராதுங்க” என்றாள். அரைமணி நேரம்தானே என்றேன். கால்மணி நேரத்திலேயே யாழினி இருமத் தொடங்கினாள். அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தனம் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“டிக்கியில இருந்து நீலப் பையை எடுத்துட்டு வாங்க.”

நான் கார் வரைக்கும் போனேன். டிக்கியைத் திறந்தேன். அங்கே பை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய், “நான்தான் எடுத்து வச்சுட்டேன் தனம், தப்புப் பண்ணிட்டேன்” என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சண்டை. அழுகை. அதோடு முடிந்திருக்கும். மூணாற்றிலேயே மருத்துவமனைக்குப் போயிருப்போம். நான் படியேறிப் போய்க் கேட்டது இது.

“டிக்கியில காணோமே. நீ எடுத்து வைக்கலையா?”

அவள் திகைத்துப் போனாள். “வச்சேனே. வாசல்ல கொண்டாந்து வச்சேனே.”

“வச்சேன்னு நெனச்சிருப்ப.”

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணை மூடி யோசித்தாள். கிளம்பிய அன்று காலையில் செய்த ஒவ்வொரு வேலையையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் மெதுவாக, “அடுக்களைக்குப் போனேன்... அப்ப விட்டுட்டேனோ” என்றாள். நான் பேசாமல் இருந்தேன்.

அன்றைக்குப் பம்ப்பை வாயில் நேராக வைத்து இரண்டு தடவை அடித்தோம். குழல் இல்லாமல் குழந்தைக்கு அது சரியாக இழுக்க வராது. பாதி மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். இருந்தாலும் இருமல் அடங்கித் தூங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் எழுந்து குதித்தாள். “மூணாறுலயே ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போவோங்க” என்று தனம் இரண்டு முறை சொன்னாள். நேரமாகும் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

வழியில் மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றைக் கண்டதும் நிறுத்தினேன். கரும்புச் சக்கையை எரித்துக் கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொப்பரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தனத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வெள்ளையாகப் புகை.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் பின்சீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இளைப்புப் பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. பேசச் சொன்னால் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. தனம் பம்ப்பை அடித்தாள். பிள்ளைக்கு இழுக்கத் தெம்பில்லை. நான் வேகமாக ஓட்டினேன். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு அரசுப் பேருந்தை விடாமல் ஹாரன் அடித்து, ஒரு வளைவிலேயே முந்தினேன். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டியது கேட்டது.

அடுத்தடுத்த வளைவுகளையும் அதே வேகத்தில் திரும்பினேன். பிறகு ஒரு வளைவில் யானைகள் நின்றன. சாலையின் மேலேயே. ஒரு குட்டி, நான்கு பெரியவை. குட்டி நடுவில் நின்று தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெரிய யானை எங்கள் பக்கம் திரும்பிக் காதை விரித்தது.

திரும்பி மறையூருக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். ரிவர்ஸ் எடுத்தேன். பின்சக்கரம் ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றி மண்ணைத்தான் கிளப்பியது. கவின் பயந்து வீறிட்டு அழுதான். யாழினி அழவில்லை. அழுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. “அப்பா... தண்ணி...” என்றாள். தனம் பாட்டிலை வாயில் வைத்தாள். அவளால் விழுங்க முடியவில்லை.

அப்போது தனம் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நானே எம் பிள்ளையக் கொன்னுட்டேனே... ஒரு பையை எடுத்து வைக்கத் துப்பில்லாம, நானே கொன்னுட்டேனே...”

அதைக் கேட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நேரத்திலும் என் வாய் திறக்கவில்லை. நண்பர்களே, மனிதன் எவ்வளவு தூரம் கீழே போவான் என்பதற்கு வெளியே எங்கும் உதாரணம் தேட வேண்டாம்.

நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்தேன். வண்டியூர் மாரியம்மனை நினைத்தேன். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது என் அம்மா என்னைக் கொண்டுபோய்க் கிடத்தியது அவள் சன்னிதியில்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் கத்தினேன். ‘தாயே, பிள்ளையைக் கொடுத்துவிடு. யானையை விலக்கு. முடி இறக்குகிறேன். மாவிளக்கு எடுக்கிறேன். பையை எடுத்து வைத்தது நான்தான் என்று தனத்திடம் சொல்லிவிடுகிறேன். சத்தியம். பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு.’

தலையைத் தூக்கிப் பார்த்தேன். யானைகள் அப்படியே நின்றன. ஓரடிகூட நகரவில்லை. அவள் கேட்கவில்லை என்று நினைத்தேன். என் பொய்க்குக் கூலி கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். நான் முந்தி வந்தேனே, அந்தப் பேருந்து. கொஞ்சம் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்கள். நடத்துநர் இறங்கிக் குனிந்தபடி ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“அண்ணே, ஹாரன் கீரன் அடிச்சிராதீங்க. குட்டி நிக்கிது. ரேஸ் பண்ணாதீங்க, ஆஃப் பண்ணுங்க” என்று கிசுகிசுத்தார். பிறகு பேருந்தைப் பார்த்துக் கையைக் காட்டி, யாராவது மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் இறங்கி வரச் சொன்னார்.

ஒரு அம்மா இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணத்துக்குப் போகிற பட்டுச் சேலை, தலையில் பூ. மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் மருந்தகத்தில் இருபது வருடம் உதவியாளராக இருந்தவர். செல்வராணி என்று பெயர். கார்க் கதவைத் திறந்ததும் முதலில் தனத்தைத்தான் அதட்டினார்.

“ஏம்மா, நீ அழுதா பிள்ளை இன்னும் பயப்படும். கண்ணைத் தொடை. படுக்க வைக்காத, நிமித்தி உக்கார வை. பம்ப் இருக்கா? குழல் எங்க?”

“மறந்து வச்சுட்டு வந்துட்டேங்க்கா” என்றாள் தனம்.

அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். “யார்கிட்டயாவது ஜூஸ் பாட்டில் இருந்தா வாங்கியாங்க, சீக்கிரம்” என்றார். நடத்துநர் ஓடிப்போய் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு பயணியிடமிருந்து பழக்கத்தியும் கொண்டுவந்தார். செல்வராணி அக்கா பாட்டிலில் இருந்ததைக் கீழே கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, சேலைத் தலைப்பால் துடைத்தார். அடிப்பாகத்தில் பம்ப்பின் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். பம்ப்பை அதில் சொருகினார். பாட்டிலின் வாயை யாழினியின் வாயில் வைத்தார்.

“கண்ணு, ஒண்ணுமில்ல. இதுக்குள்ள மெதுவா மூச்சு விடு, மெதுவா இழு. அம்புட்டுத்தான். எங்க, அக்காவப் பாரு.”

ஒரு தடவை அழுத்தினார். பாட்டிலுக்குள் புகைபோல மருந்து நின்றது. யாழினி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். எண்ணிக்கொண்டே இருந்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி. நான் காருக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் பிள்ளையின் கழுத்துக் குழி கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருந்தது. உதட்டில் கொஞ்சம் சிவப்பு. பிறகு அவள் வாயிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டு, “இதுல திராட்சை வாசம் வருது” என்றாள்.

ஒரு முழு வாக்கியம். என் மகள் ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

எங்களுக்கு முன்னால் அந்தப் பெரிய யானை காதை மடக்கியது. குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் சரிவில் இறங்கியது. மற்றவை பின்னாலேயே போயின. பேருந்திலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்து காரைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள். யார் பெயரும் எனக்குத் தெரியாது. முந்தும்போது என்னைத் திட்டிய ஓட்டுநரும் அதில் ஒருவர். “பாத்துப் போங்கண்ணே. பிள்ளைய வச்சுக்கிட்டு ஓட்டுற வேகமா அது?” என்று மட்டும் சொன்னார். செல்வராணி அக்கா தன் பேருந்தை விட்டுவிட்டு எங்கள் காரில் ஏறி, உடுமலையில் மருத்துவமனை வாசல் வரைக்கும் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

யானைகளை விலக்கச் சொல்லித்தான் நான் கேட்டேன். அவை அந்த நிமிடமே விலகி, கார் பள்ளத்தில் இறங்காமல் இருந்திருந்தால், நான் அந்தப் பேருந்துக்கு முன்னால் ஓடிக்கொண்டேதான் இருந்திருப்பேன். மருத்துவமனை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் பிள்ளையிடம் அவ்வளவு நேரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டது ஒன்று. தாய் கொடுத்தது வேறு. என் யோக்கியதையை அவள் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள்.

யாழினியை இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு இளம் டாக்டர் குறிப்புச் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “வீட்ல நெபுலைசர் வச்சிருக்கீங்கன்னு சொல்றீங்க. மலைக்குப் போறப்ப ஏன் எடுத்துட்டுப் போகல?”

“எந் தப்புதான் சார். மறந்துட்டேன்” என்றாள் தனம்.

டாக்டர் அவளைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் இறங்கிக் கதவைத் திறந்தேன். செருப்பு அடுக்குக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து, முன்னால் வாசல் பக்கமாக, அவள் மறந்து வைத்துவிட்டுப் போனது போலத் தெரிகிற இடத்தில் வைத்தேன். அவள் உள்ளே வந்து அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வண்டியூரில் முடி இறக்கினேன். மாவிளக்கு எடுத்தோம். சொன்னதைச் செய்துவிட்டேன் என்று ஊருக்குத் தெரிந்தது. செய்யாதது எது என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் என்று நான் சொல்வது மாரியை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடம் போனது. அந்த ஒரு வருடத்தில் தனம் எப்படி ஆனாள் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவை எடுத்தோமா என்று சந்தேகம் வந்து, பாதி வழியிலிருந்து தொலைபேசியில் கேட்பாள். செய்ய வேண்டியதையெல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். என் அக்கா ஒரு நாள் வந்திருந்தபோது, “பெத்த பிள்ளை மருந்தையே மறந்தவதானே” என்று அவள் காதுபடச் சொன்னாள். தனம் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளியில் சுற்றுலா போகும்போது பிள்ளைகளை அழைத்துப் போகிற பொறுப்பு எப்போதும் தனத்துக்குத்தான் கொடுப்பார்கள். இந்த வருடம் அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கூட்டத்தில், இதே இடத்தில் எழுந்து நின்று அவள் சாட்சி சொன்னாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் பல பேர் அழுதீர்கள். “நான் மறந்தேன், என் தாய் மறக்கலை. எந் தப்பை மன்னிச்சுப் பிள்ளையத் திருப்பிக் குடுத்தா” என்றாள். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, வருட மாவிளக்குக்காக வண்டியூர் போனோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் மேல்படியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

“தனம், அன்னைக்கு நீ பையை மறக்கலை. நாற்காலி வைக்க எடம் பத்தலைன்னு நாந்தான் உள்ள எடுத்து வச்சேன். திரும்பி வந்ததும் வாசல்ல எடுத்து வச்சதும் நாந்தான்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சுன்னு நெனச்சேன். தெரியுமா உங்களுக்கு?”

அவளுடைய அப்பா கடைசி நான்கு வருடம் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் இருந்து இறந்துபோனவர்.

“பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டு, தனியா நரம்பு டாக்டர்கிட்ட போனேன். தலையை ஸ்கேன் எடுத்தேன். உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல. ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு. நான் நம்பல. வச்சது அம்புட்டுத் தெளிவா ஞாபகம் இருக்கு, ஆனா வைக்கலைன்னா எம் மூளையில என்னமோ ஆயிருச்சுன்னுதானே அர்த்தம்?” அதற்குப் பிறகுதான் அவள் குரல் உடைந்தது. “ஒரு வருசம்ங்க. ஒரு வருசம் நான் என்னையே நம்பல.”

அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கீழக்குயில்குடியில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். பேச மாட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்தாள்.

“நாளைக்கு வாரேன். ஆனா ஒண்ணு. நான் யார் யார் முன்னாடி நின்னு எந் தப்புன்னு சொன்னேனோ, அவுங்க முன்னாடி நீங்க நின்னு சொல்லணும். ஒங்க அக்காட்டயும் சொல்லணும்.”

அக்காவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். மறுநாள் தனம் வீடு திரும்பியதும் அக்கா நேராக வந்து அவள் கையைப் பிடித்து அழுதாள். அலுவலகத்திலும் சொன்னேன். அங்கே இப்போது என்னைத் தப்பே செய்யாதவர் என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் ஒரு மாணவன் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தோடு வந்து பயந்து நின்றான். பேனாவைக் கொடுத்து உட்காரச் சொன்னேன். செல்வராணி அக்காவுக்கும் தொலைபேசியில் சொன்னேன். “நல்லவேளை சொன்னீங்க தம்பி. அந்தப் பொண்ணை நான் வேற அன்னைக்கு அதட்டிட்டேன்” என்று வருத்தப்பட்டார். உங்களிடம் சொல்லத்தான் தைரியம் வர இத்தனை வாரம் ஆனது.

தனம் என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. நடுநடுவே பேசுகிறாள். சில நாள் சிரிக்கிறாள். சில நாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இரண்டையும் வாங்கிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே இருக்கிறவர்களில் பல பேருக்கு இன்றைக்கு ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். முன்னால் வழி அடைத்துக்கொண்டு நிற்கும். கூப்பிடுங்கள். தகுதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். என்னைப் போன்ற ஒருவன் கூப்பிட்டே அவள் வந்தாள். நீங்கள் நினைத்த வழியில் வராவிட்டாலும் வருவாள். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் என்ன வாக்குக் கொடுத்தீர்களோ, வீட்டுக்கு வந்த முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். முடியும் மாவிளக்கும் எளிது. வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம். அந்த ஒன்றைத்தான் அவளும் நம்மிடம் எதிர்பார்க்கிறாள் என்று நான் நம்புகிறேன். நான் அதை ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். அந்த வருடத்தை இனி யார் நினைத்தாலும் தனத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் யாழினி தூங்கிவிட்டாள். போன தடவை அவள் இங்கே நின்று உங்களிடம் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவள் எதையும் மறக்கவில்லை.